குறி பிறக்கும் முன் பிறந்த வியப்பு

பழைய பனையோலை ஏடு ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை விளங்கும். அதில் வியப்புக்குறி இல்லை, வினாக்குறி இல்லை, காற்புள்ளியும் இல்லை. மெய்யெழுத்தின் தலையில் இடவேண்டிய புள்ளியைக்கூட ஏடெழுதியோர் பெரும்பாலும் இடாமல் விட்டனர். எழுத்தாணியின் கூர்முனை ஓலையைத் துளைத்துவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம் என்பர். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடைவெளியும் கிடையாது. இத்தகைய ஏடுகளில்தான் கண்ணகியின் சினமும், தசரதனின் புலம்பலும், அடியார்களின் பரவசமும் நூற்றாண்டு நூற்றாண்டாக உறங்கிக் கிடந்தன. ஆயினும், அவற்றைப் படித்த நம் முன்னோர் சினக்கவேண்டிய இடத்தில் சினந்தனர். கலங்கவேண்டிய இடத்தில் கலங்கினர். குறி ஒன்றுமின்றி உணர்ச்சியை அவர்கள் எவ்வாறு இனங்கண்டனர்?

இவ்வினா எனக்கு நூலகத்தில் எழவில்லை. தலைநகரில் வாழும் நம் குழந்தைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் தமிழ் கற்பிக்கும் ஒரு சிறு வகுப்பில் எழுந்தது. யான் தமிழாசிரியன் அல்லேன்; நடுவணரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு காலந்தள்ளும் எழுத்தன். கல்லூரியில் இளங்கலை பயின்ற நாளில் பகுதி ஒன்றில் படித்த தமிழே என் முதல். அம்முதலைக்கொண்டு ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நால்வகைத் தொடர்களைக் கற்பிக்க முனைந்தேன். செய்தித் தொடரை எளிதில் கற்றனர். வினாத் தொடரில் இடர்ப்பாடு இல்லை. கட்டளைத் தொடரோ, வீட்டில் நாள்தோறும் கேட்பதாயிற்றே! உணர்ச்சித் தொடரில்தான் வண்டி நின்றது.

கரும்பலகையில், 'ஐயோ! வைக்கோற்போர் தீப்பற்றி எரிகிறதே!' என்று எழுதினேன். ஒரு சிறுவன் எழுந்து பிழையின்றிப் படித்தான். வருகைப் பதிவேட்டில் பெயர் படிப்பதுபோல் படித்தான். 'இறுதியில் நிற்கும் குறியின் பெயர் என்ன?' என்றேன். 'வியப்புக்குறி' என்றனர் அனைவரும் ஒரே குரலில். விடை சரி, மதிப்பெண்ணும் உண்டு. ஆனால் அந்த வைக்கோற்போர் எவர் மனத்திலும் எரியவில்லை.

அவ்வேளையில் கூரையிலிருந்து ஒரு பல்லி, மேசைமேல் பொத்தென்று விழுந்தது. வகுப்பே எழுந்து அலறியது. 'அரே பாப் ரே!' என்றான் ஒருவன். 'சிப்கலி! சிப்கலி!' என்றாள் ஒருத்தி. அச்சமும் அருவருப்பும் நகைப்பும் ஒருங்கே கலந்த உயிருள்ள உணர்ச்சித் தொடர்கள் அறை முழுவதும் நிறைந்தன. அவற்றுள் ஒன்றேனும் தமிழில் இல்லை. கரும்பலகையில் தமிழ், தொண்டையில் இந்தி. இந்தியைக் குறைகூற இதனை எழுதவில்லை. பிள்ளைகள் விளையாடும் தெருவின் மொழி அது. அதில் அவர்கள் வியப்பது இயல்பே. என் கவலை வேறு. தமிழில் அவர்களுக்கு எழுத்து இருந்தது, இலக்கணமும் இருந்தது. வாய்விட்டு அலற ஒரு சொல் இல்லை. அன்று இரவு தொல்காப்பியத்தைப் புரட்டத் தொடங்கினேன்.

இலக்கணம் கண்ட வியப்பு

தொல்காப்பியத்தில் நால்வகைத் தொடர் என்னும் பாகுபாடு இல்லை. இன்று நம் பாடநூல்களில் காணும் அவ்வகைப்பாடு ஆங்கில இலக்கணக் கல்வியை ஒட்டி வந்தது. எனினும், உணர்ச்சியைத் தொல்காப்பியர் மறந்தாரல்லர். பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலையே அதற்கு வகுத்தார். உள்ளத்தில் எழும் உணர்வு உடலிலும் குரலிலும் புலப்படுவதே மெய்ப்பாடு. உவகை, வெகுளி, பெருமிதம், அச்சம், மருட்கை, இளிவரல், அழுகை, நகை என அவை எட்டு. ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்பது அவர் கணக்கு. மருட்கை என்பதே வியப்பு. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் அது தோன்றும் இடங்கள். காணாததைக் காணல் புதுமை. அளவிறந்ததைக் காணல் பெருமை. நுண்ணியதைக் காணல் சிறுமை. ஒன்று மற்றொன்றாய் மாறக் காணல் ஆக்கம் எனக் கொள்ளலாம்.

இந்நான்கில் சிறுமையைச் சேர்த்ததை எண்ணி யான் நெடுநேரம் வியந்தேன். மலையைக் கண்டு வியப்பவர் பலர். எறும்பைக் கண்டு வியப்பவர் யார்? குழந்தைகள் வியப்பர். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி எதனையும் காணாத அப்பேராசான், குழந்தையின் மனத்தைக் கண்டிருக்கிறார்.

மெய்ப்பாட்டியல் உணர்ச்சியின் இயலாயின், அவ்வுணர்ச்சியைச் சொல்லில் ஏற்றும் கருவியைச் சொல்லதிகாரத்தின் இடையியலில் காணலாம். ஏகாரத்திற்கு ஐந்து பொருளும், ஓகாரத்திற்கு ஆறு பொருளும் அங்கே கூறப்பட்டுள்ளன. தெளிவுப் பொருளில் வரும் ஏகாரமும், சிறப்புப் பொருளில் வரும் ஓகாரமும் அளபு நீண்டு ஒலிக்கும் என்று ஒரு விதியும் உண்டு. 'அம்ம' என்னும் சொல், கேட்பவரைத் தன்பால் திருப்பும் சொல் எனப்படுகிறது. விளிமரபிலோ, தொலைவில் உள்ளாரை அழைக்கும்போது பெயரின் ஒலி தன் அளவைக் கடந்து நீளும் என்கிறார். ஆற்றின் அக்கரையில் நிற்பவனை 'மகனேஎ' என்று அழைக்கும் தாயின் குரலை இலக்கணத்தில் பதிவு செய்த நூல் அது.

இங்கேதான் என் வினாவிற்கு விடை கிடைத்தது. நம் மொழியில் வியப்பு சொல்லுக்கு வெளியே நிற்கும் குறியன்று; சொல்லின் உள்ளேயே உறையும் ஒலி. 'எரிகிறது' என்பது செய்தி. 'எரிகிறதே' என்றால், அந்த ஓர் ஏகாரத்தில் சொல்பவனின் நெஞ்சம் ஏறிவிடுகிறது. 'ஓஒ' என்று எழுதும்போது ஓகாரத்தின்பின் நிற்கும் ஒகரம், குரலை நீட்டுக என்று படிப்பவனுக்கு இடும் கட்டளை. அளபெடையே நம் பழைய உணர்ச்சிக்குறி எனின் மிகையாகாது.

உணர்ச்சிச் சொற்களின் செல்வமும் நம்மிடம் குறைவன்று. சங்கப் பாடல்களின் 'அன்னோ', 'அந்தோ', பிற்காலத்து 'ஐயகோ', நாட்டுப்புறத்து 'ஆத்தாடி', 'அடேயப்பா' என அவை காலந்தோறும் பெருகின. 'அச்சோ' என்னும் சொல்லின் வரலாறு சுவையானது. திருவாசகத்தின் அச்சோப் பதிகத்தில் அது இறையருளை எண்ணி வியக்கும் அடியாரின் சொல். பெரியாழ்வாரிடத்திலோ, குழந்தையை 'வந்து அணைத்துக்கொள்' என்று அழைக்கும் தாயின் சொல். ஒரே ஒலி ஒருவர்க்கு வியப்பு. மற்றொருவர்க்கு அன்பின் அழைப்பு. எதுவென்று காட்டக் குறி தேவைப்படவில்லை, குரல் காட்டியது.

வெளியிலிருந்து வந்தவற்றையும் தமிழ் தள்ளவில்லை. பாரசீகத்திலிருந்து வந்த 'சபாஷ்' நம் சதிர்க் கச்சேரிகளிலும் நாடகக் கொட்டகைகளிலும் குடியேறிற்று. நம் சொல்லும் வெளியே சென்றுள்ளது. 'ஐயோ' என்னும் ஒலிச்சொல் 2016ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் இடம்பெற்றது. உலகம் ஏற்றுக்கொண்ட 'ஐயோ'வை நம் பிள்ளைகள் மறந்துவிடுதல் முறையோ?

அச்சோடு வந்த குறி

இனி, குறியின் வரலாற்றைச் சிறிது காண்போம். இன்று நாம் இடும் வியப்புக்குறி, 14ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் தோன்றியது. ஆங்கிலத்தில் நெடுங்காலம் அதற்கு 'வியப்பின் குறி' என்னும் பொருள்தரும் பெயரே வழங்கிற்று. ஐரோப்பியரின் அச்சுக்கலையோடு அது கடல் கடந்து வந்தது.

தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். பின்னர், 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, சில ஆண்டுகளில் அங்கே அச்சகம் நிறுவித் தமிழ் நூல்களை வெளியிட்டார். எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டை எழுத்தில் தெளிவாக்கிய வீரமாமுனிவரும் அந்நூற்றாண்டினரே. ஓலை தாளாக மாறியபோது புள்ளியிட அஞ்சவேண்டிய தேவை நீங்கிற்று. புள்ளி வந்தது, இடைவெளி வந்தது, பிற குறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

தமிழ் உரைநடையில் நிறுத்தக் குறிகளைப் பரவச் செய்தவர்களுள் தலையாயவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822-1879). 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளி நிறுவிய அவர், பிள்ளைகளுக்காகப் பாலபாட நூல்களை இயற்றினார். அவர் குறிகளைப் போற்றியது அழகுக்காகவன்று. இளம் பிள்ளை பொருள் உணர்ந்து படிக்கவேண்டும் என்பதற்காக. அதற்குமுன் திண்ணைப் பள்ளியில் ஆசிரியரோ சட்டாம்பிள்ளையோ முதலில் சொல்ல, மற்றவர் அதே ஏற்ற இறக்கத்துடன் திரும்பச் சொல்வர். மணலில் விரலால் எழுதியும், ஒருவர் மற்றவர்க்குக் கற்பித்தும் பயின்ற நம் பள்ளிகளைக் கண்டு வியந்த ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார், 1789 முதல் சென்னையில் தாம் நடத்திய அனாதைச் சிறுவர் பள்ளியில் அம்முறையைக் கையாண்டார். 1797இல் அதைப்பற்றி இங்கிலாந்தில் நூலும் வெளியிட்டார். 'சென்னை முறை' என்றே அஃது அங்கு பெயர் பெற்றது.

ஆசிரியர் அருகிலிருந்து சொல்லித் தந்த காலத்தில், எங்கே வியப்பது என்பதை மாணவன் செவியால் கற்றான். நூல் அச்சாகி ஆயிரம் கைகளுக்குச் சென்றபோது, ஆசிரியரின் குரல் கூடவே செல்ல இயலவில்லை. அக்குரலுக்கு ஈடாக அனுப்பப்பட்ட ஆளே குறி. ஆகவே, குறியை மட்டும் கற்பித்துக் குரலைக் கற்பிக்காமல் விடுவது, மணியார்டர் படிவத்தைக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்வதற்கு ஒப்பாகும். யான் வகுப்பில் செய்தது அதுவே.

பெயரிலும் ஒரு குறை உண்டு. வியப்புக்குறி எனின், எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றிற்கே அது உரியது போலத் தோன்றும். 'ஐயோ!' என்பது வியப்பன்று, அவலம், 'சீ!' என்பது இளிவரல், 'பாம்பு!' என்பது அச்சம். உணர்ச்சிக்குறி என்னும் பெயரே பொருத்தமுடையது. 'வியப்புக்குறி எங்கே இடுவது?' என்று கேட்ட பிள்ளை வியப்பை மட்டுமே தேடும், 'உணர்ச்சி எங்கே?' என்று கேட்கும் பிள்ளை எட்டையும் தேடும்.

கோப்பில் இல்லாத குறி

என் தொழிலைப்பற்றியும் ஒரு சொல். இளமையில் தட்டச்சுப் பயிலகத்தில் யான் பயின்ற பழைய ஆங்கிலப் பொறியில் வியப்புக்குறிக்குத் தனிவிசையே இல்லை. மேற்கோள் ஒற்றைக்குறியை அடித்து, ஓரிடம் பின்னுக்கு நகர்த்தி, அதன் கீழே முற்றுப்புள்ளியை அடிக்கவேண்டும். மூன்று முறை விரலை இயக்கினால் ஒரு வியப்பு. வாணிபத்திற்கும் அலுவலகத்திற்கும் என்றே செய்யப்பட்ட பல பொறிகள் அவ்வாறே இருந்தன. வியப்பு அலுவலகத்திற்குத் தேவையற்றது என்று எண்ணினர் போலும்! இருபதாண்டுக் காலமாகக் கோப்புகளில் குறிப்பெழுதி வருகிறேன். ஓரிடத்தும் அக்குறியை இட்டதில்லை. 'பணிந்து முன்வைக்கப்படுகிறது' என்னும் தொடருக்கு உணர்ச்சிக்குறி ஒவ்வாது.

நம்மவர் பலர் இத்தகைய எழுத்தர் வேலைக்காகவே வடக்கே வந்தவர்கள். அக்காலத்தில் அரசு கோடையில் சிம்லாவுக்கும் குளிர்காலத்தில் தில்லிக்குமாக இடம்பெயரும். அதனோடு இடம்பெயர்ந்த தென்னாட்டு ஊழியரின் பிள்ளைகள் தாய்மொழிக் கல்வி இழக்கலாகாது என்று கருதிய பெரியோர், 1923இல் தலைநகரில் கல்விக் கழகம் அமைத்தனர். அதுவே இன்றைய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் தொடக்கம். பகலெல்லாம் உணர்ச்சியற்ற ஆங்கிலத்தில் குறிப்பெழுதிய அவர்கள், மாலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டும் என்று எண்ணியதன் பொருள் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. விண்ணப்பம் எழுத ஆங்கிலம் போதும். 'அம்மா!' என்று அலற அது போதாது.

விரைசொல்

போதாது என்பதை என் இல்லத்திலேயே கண்டேன். தந்தையார் மறைவிற்குப்பின் தஞ்சைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து என் அன்னையாரை அழைத்து வந்தேன். அவர் அறிந்த மொழி தமிழ் ஒன்றே. ஒருநாள் மாலை அவர் அடுப்பிலிருந்து பாற்பாத்திரத்தை இடுக்கியால் இறக்கிக்கொண்டிருந்தார். இடுக்கி விளிம்பை விட்டு நழுவுவதை என் மகள் கண்டாள். ஏழு வயது. கண்டவுடன், 'சம்பல்கே! கிர் ஜாயேகா!' என்று கூவினாள். பாட்டிக்குக் குரல் கேட்டது, பொருள் எட்டவில்லை. 'என்னம்மா சொல்றே?' என்று பேத்தியின் பக்கம் திரும்பினார். திரும்பிய அக்கணத்தில் பால் அவர் கையில் கவிழ்ந்தது.

புண் ஆறப் பதினைந்து நாள் ஆயிற்று. அன்னையார் ஒன்றும் குறைகூறவில்லை. 'கொழந்த சரியாத்தான் சொல்லிருக்கு, எனக்குத்தான் புரியல' என்றார். அச்சொல் என்னைச் சுட்டது போல் பாலும் அவரைச் சுட்டிராது.

மீண்டும் தொல்காப்பியத்தை எடுத்தேன். எச்சவியலில் அடுக்குத்தொடர்க்கு வரையறை கூறுமிடத்து, விரைந்து சொல்லும் சொல் மூன்று முறைக்குமேல் அடுக்காது என்கிறார் ஆசிரியர். இசை நிறைக்க வரும் அடுக்கிற்கு நான்கு எல்லை, விரைசொல்லுக்கு மூன்றே. தீயைக் கண்டவன் 'தீ' என்று மும்முறை கூவுவான். அதற்குமேல் நின்று கூவ அவகாசம் ஏது? செய்யுள் அமர்ந்து இசைக்கும், ஆபத்து காத்திராது. முன்பு இந்நூற்பாவைத் தேர்வுக்காகப் படித்துக் கடந்தவன், இப்போது அதன்முன் தலைகுனிந்து நின்றேன். உணர்ச்சித் தொடர் மொழியின் அணிகலன் அன்று. அது மொழியின் காவற்காரன். ஒரு வீட்டில் இரு தலைமுறைகள் வேறுவேறு மொழியில் அலறுமாயின், அவ்வீட்டிற்குக் காவல் இல்லை.

வகுப்பில் செய்த மாற்றம்

அடுத்த ஞாயிறு முதல் பாடமுறையை மாற்றினேன். முதல் நான்கு வாரங்கள் கரும்பலகையில் குறியே எழுதவில்லை. 'மழை வந்தது' என்னும் ஒரே தொடரை எட்டு மெய்ப்பாட்டில் சொல்லச் செய்தேன். வெயிலில் வெந்தவன் சொல்வது, துணி காயப்போட்டவள் சொல்வது, விளையாட்டு நின்றுபோனவன் சொல்வது என அது வளர்ந்தது. 'மழை வந்ததே', 'மழை வந்துவிட்டதோ', 'அடடா மழை' எனச் சொல் தானாகவே உருமாறக் கண்டேன். ஏகாரத்தையும் ஓகாரத்தையும் யான் கற்பிக்கவில்லை. உணர்ச்சி அவற்றை அழைத்து வந்தது.

பின்னர், மருட்கையின் நான்கு நிலைக்களன்களையும் தலைநகரிலேயே தேடச் சொன்னேன். புதுமைக்கு, சிம்லாவில் முதன்முதல் கண்ட பனிமழையை எழுதினாள் ஒருத்தி. பெருமைக்கு, ஏறத்தாழ 73 மீட்டர் உயர்ந்து நிற்கும் குதுப் மினாரை எழுதினர் பலர். அதன் அருகே ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாகத் துருவால் அழியாது நிற்கும் இரும்புத்தூணையும் ஒருவன் சேர்த்தான். சிறுமைக்கு, சர்க்கரைத் துகளைச் சுமந்த எறும்பு. ஆக்கத்திற்கு, ஒரு சிறுவன் எழுதியது இது: 'நேற்று இது புழு, இன்று பறக்கிறதே'. அவனே எழுந்து வந்து, 'ஐயா, கடைசியில் ஒரு குறி வைக்கவேண்டும் போல் இருக்கிறது' என்றான். அப்போதுதான் சுண்ணக்கட்டியை எடுத்தேன். பசி வந்தபின் இடும் சோறும், உணர்ச்சி வந்தபின் இடும் குறியுமே உடலில் ஒட்டும்.

தமிழ்க் குடும்பத்தார்க்கு என் வேண்டுகோள் ஒன்றே. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பியுங்கள், குறளையும் கற்பியுங்கள். அவற்றோடு, வீட்டில் வியக்கும்போதும் வருந்தும்போதும் அஞ்சும்போதும் அவர்கள் செவியில் படுமாறு தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். இதற்குப் பாடநூல் வேண்டா, கட்டணம் இல்லை. திண்ணைப் பள்ளியின் முறையும் இதுவே.

சென்ற மாதம் ஒரு காலைப் பொழுது. கூடத்தில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். அன்னையார் பின்புறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அடுப்பில் பால் பொங்கி விளிம்பைத் தொட்டது. 'பாட்டி! பால், பால், பால்!' என்று மகளின் குரல் எழுந்தது. அன்னையார் எழுந்து வருமுன்னே எதுவென்று அறிந்து வந்தார்; அடுப்பை அணைத்தார். ஒரு துளியும் சிந்தவில்லை.

யான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். மூன்றே முறை.